பாயிண்ட் சேர்த்து சிங்கப்பூர் போக முடியுமா?

கேள்வி கேட்டிருப்பவர் தண்டையார்பேட்டையில் வசிக்கிறார். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. வருடத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வந்து போகிறார். வரும் மே மாத விடுமுறையில் இவர், ஒன்பது வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று நால்வர் அங்கே போவதாகத் திட்டம். "கடன் அட்டை எடுக்கமாட்டேன். சேர்வதற்குப் பணம் கேட்கும் எதிலும் சேரமாட்டேன். வங்கியும் விமான நிறுவனமும் வாடிக்கையாளருக்கு இலவசமாகத் தரும் பாயிண்ட்டுகளை வைத்து இந்தப் பயணத்தில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்? மாமியாரின் போனுக்கு, வங்கிக் கணக்கில் எட்டாயிரம் ரூபாய்க்குப் பாயிண்ட் இருக்கிறது, இன்றிரவோடு காலாவதி என்று ஒரு செய்தி வந்திருக்கிறது. அதையும் டிக்கெட்டுக்குப் பயன்படுத்த முடியுமா?" என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதில்தான் அவசரம் இருக்கிறது. அந்தச் செய்தியைத் தொடாதீர்கள். அதிலிருக்கும் இணைப்பும் கூடவே வரும், போனில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பும் தூண்டில். கோப்பை நிறுவிவிட்டால், போனுக்கு வரும் ஓடிபி எண்களை அது முகம் தெரியாத ஒருவனுக்கு அனுப்பிவைக்கும். அதன் பிறகு கணக்கைத் துடைத்து எடுக்க அவனுக்கு அதிக நேரம் தேவைப்படாது. பாரத ஸ்டேட் வங்கி, தன் ரிவார்ட்ஸ் திட்டத்துக்காக எஸ்எம்எஸ்ஸிலோ வாட்ஸ்ஆப்பிலோ இணைப்பும் கோப்பும் அனுப்புவதில்லை என்று அறிவித்திருக்கிறது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமும் இந்த வகைச் செய்திகளைப் போலி என்று சொல்லிவிட்டது. எங்கள் காலடிப்பேட்டையில், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இப்படி ஒரு செய்தியை நம்பி, பேரனின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை இழந்தார். பணம் போனது இரவில். வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, மறுநாள் வங்கி திறக்கும் வரை காத்திருந்தார். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930ஐ அப்போதே அழைத்திருந்தால், பணம் கைமாறும் வழியிலேயே முடக்க வாய்ப்பு இருந்திருக்கும்.

இதில் கணக்குப் போட்டுப் பார்க்கவும் ஒன்று இருக்கிறது. போட்டால் பயமும் போய்விடும், ஆசையும் போய்விடும். ஸ்டேட் வங்கியின் சாதாரண டெபிட் அட்டையில் 200 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் 2 பாயிண்ட். ஒரு பாயிண்ட்டின் மதிப்பு 25 பைசா. எட்டாயிரம் ரூபாய் மதிப்புக்கு 32,000 பாயிண்ட் வேண்டும். அதற்கு 32 லட்சம் ரூபாய்க்கு அட்டையைத் தேய்த்திருக்க வேண்டும். உங்கள் மாமியார் அவ்வளவுக்கு எங்கே, என்ன வாங்கினார் என்று அவரையே கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டே அழித்துவிடுவார்.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் உங்கள் முதல் கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும். ஒரு லட்சம் ரூபாய் செலவழித்தால் கையில் நிற்பது 250 ரூபாய். அதுவும் அட்டையைத் தேய்த்தால்தான். மீன் கடையிலும் மளிகைக் கடையிலும் க்யூஆர் பலகையைப் படம் பிடித்துச் செலுத்துவது பொதுவாக இந்தக் கணக்கில் வருவதில்லை. வங்கியின் சொந்தச் செயலிக்குள் போய், இருக்கும் பாயிண்ட்டைப் பார்த்து, போன் ரீசார்ஜுக்கோ பஸ் டிக்கெட்டுக்கோ தீர்த்துவிடுங்கள். அதை வைத்து விமானத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

நான் யார், எனக்கு இதில் என்ன தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மண்ணடியில், அங்கப்ப நாயக்கன் தெருவில், ஒரு டிக்கெட் அலுவலகத்தில் 19 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் என்று எங்கள் மேசையைத் தாண்டிப் போன பாஸ்போர்ட்டுகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் பாதி, வடசென்னைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த 'குருவி'களுடையவை, அதாவது சரக்கைச் சுமந்துகொண்டு அடிக்கடி பறப்பவர்களுடையவை: போகும்போது துணியும் பூவும், வரும்போது பர்மா பஜாருக்கு வேண்டியதும். அந்தத் தொழிலின் நியாய அநியாயத்தை விட்டுவிடுவோம். மாதத்துக்கு மூன்று முறை பறந்த அந்த மனிதர்களில் பெரும்பாலோர் ஒரு விமான நிறுவனத்திலும் உறுப்பினராக இருந்ததில்லை. "எண் இருக்கிறதா அண்ணே?" என்று கேட்பேன். "அதெல்லாம் பெரிய மனுஷங்களுக்கு" என்பார்கள். உண்மையில் அது அவர்களுக்காகவே செய்தது போன்ற திட்டம். நூறு முறை பறந்தவர் வெறும் கையோடு இருந்தார். வருடத்துக்கு ஒரு முறை பறக்கும் மென்பொருள்காரர் பர்ஸில் நான்கு உறுப்பினர் அட்டைகள் வைத்திருந்தார். இருவருக்கும் பயன் ஒன்றுதான்: சுழியம். முதலாமவர் சேர்க்கவில்லை. இரண்டாமவர் நான்கு பானைகளில் நான்கு சொட்டாகச் சேர்த்தார்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. உங்கள் கணவர் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பறக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவர்களுடைய கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் சேரக் கட்டணம் இல்லை. அங்கே பாயிண்ட்டுக்கு மைல் என்று பெயர், பறக்கும் தூரத்தை வைத்து வரவாகும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறக்குறைய 1,800 மைல் தூரம். ஆனால் மலிவுக் கட்டண டிக்கெட்டுக்கு முழுத் தூரமும் வரவு வைக்கப்படுவதில்லை. பாதி என்று எடுத்துக்கொள்வது நியாயமான மதிப்பீடு. ஒரு வழிக்கு 900 மைல். வருடத்துக்கு இரண்டு முறை வந்து போனால் நான்கு பயணம், 3,600 மைல். இந்த மைல்களின் ஆயுள் மூன்று ஆண்டுகள். ஆக, முதலில் சேர்த்தது காலாவதியாகத் தொடங்குவதற்குள் அவரால் அதிகபட்சம் 10,800 மைல் சேர்க்க முடியும். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஒரு வழி எகானமி டிக்கெட்டை மைல் கொடுத்து வாங்க, மலிவான வகையிலேயே ஏறக்குறைய இருபதாயிரம் வேண்டும். அதாவது மூன்று வருடம் ஒழுங்காகப் பறந்தும் அரை டிக்கெட்தான். குடம் நிறைவதற்குள் அடியில் ஒழுகத் தொடங்கிவிடும்.

இதைச் சொல்வதால் சேர வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இலவச டிக்கெட் என்ற கனவை மட்டும் இறக்கி வைத்துவிடுங்கள். அதே நிறுவனத்தில் டிக்கெட் எடுக்கும்போது விலையின் ஒரு பகுதியை மைலாகச் செலுத்தலாம். ஆயிரம் மைலுக்கு ஏறக்குறைய பத்து வெள்ளி கழியும். வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். உங்கள் கணவர் அப்படித்தான் சொல்லுவார். வருடத்துக்கு 3,600 மைல் என்றால் முப்பத்துச் சொச்சம் வெள்ளி. அங்கே முஸ்தபா கடையில் ஒரு பை நிறையச் சாமான் வாங்கலாம். செய்த வேலை என்ன? ஒரு முறை பெயரைப் பதிந்து, ஒவ்வொரு டிக்கெட்டிலும் எண்ணைச் சேர்த்தது. அந்த உழைப்புக்கு அந்தக் கூலி மோசமில்லை.

அவருக்கு இன்னொரு வழியும் உண்டு. கிரிஸ்பிளஸ் என்று அதே குழுமத்தின் செயலி ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் அதோடு இணைந்திருக்கும் உணவகங்களிலும் கடைகளிலும் அதன் வழியாகப் பணம் செலுத்தினால் மைல் சேரும். அவர் அங்கேயே வசிப்பதால், எப்படியும் செய்யும் செலவைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பலாம். 'எப்படியும் செய்யும் செலவு' என்பதைக் கவனியுங்கள். நான்கு வெள்ளிக்குக் கிடைக்கும் சாப்பாட்டை விட்டுவிட்டு, மைல் வருகிறது என்று பதினெட்டு வெள்ளிக்குச் சாப்பிட்டால் ஏமாந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சில பயணங்களை ஏர் இந்தியாவில் செய்கிறார் என்றால் அதற்கென்று தனியாக ஒரு பானை வைக்க வேண்டாம். 2014 ஜூலையிலிருந்து ஏர் இந்தியா ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதே கூட்டணி. ஒன்றில் பறந்து மற்றொன்றின் கணக்கில் வரவு வைக்கலாம். மிக மலிவான கட்டண வகைகளில் வரவு மிகக் குறைவாகவோ இல்லாமலோ போகலாம் என்பதால், டிக்கெட்டில் இருக்கும் ஓர் எழுத்துக் கட்டணக் குறியீட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள். இண்டிகோவில்தான் அதிகம் பறக்கிறார் என்றால் கதை வேறு. 2024இல் தொடங்கிய அவர்களுடைய புளூசிப் திட்டமும் இலவசம்தான், அங்கேயே சேர்க்கட்டும். எந்த விமானத்தில் அதிகம் உட்காருகிறாரோ அதுதான் அவருடைய பானை. பானையைப் பார்த்து விமானத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இனி நான் நீட்டிப் பேசப்போகும் விஷயம் ஒன்று உண்டு. பணத்தைவிட இதில்தான் நம் ஆட்கள் அதிகம் இழந்ததைப் பார்த்திருக்கிறேன். பெயர்.

நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. பள்ளிச் சான்றிதழில் எஸ். முருகன். ஆதாரில் முருகன் எஸ். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, அப்பா பெயர் செல்வம் குடும்பப் பெயர் கட்டத்தில் ஏறிவிடும். விமான டிக்கெட்டோ குடும்பப் பெயரை முன்னால் போட்டு 'செல்வம், முருகன்' என்று அச்சாகும். சிங்கப்பூர் விமான நிலையத்தில் 'மிஸ்டர் செல்வம்' என்று ஒலிபெருக்கியில் கூப்பிட, காலமாகிப்போன அப்பாவை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று முருகன் உட்கார்ந்தே இருந்த கதைகள் எங்கள் அலுவலகத்தில் ஏராளம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருப்பவர்களின் பாடு இன்னும் மோசம். சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு முறை போடும்; சில, பெயர் இல்லை என்பதற்கான குறியீட்டைப் போடும். கல்யாணத்துக்குப் பிறகு பெண்களின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் போய்க் கணவர் பெயர் வந்தால் அடுத்த சிக்கல்.

பாயிண்ட் கணக்கில் இருக்கும் பெயரும் டிக்கெட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் இயந்திரம் வரவு வைக்காது. அதற்கு நம் இனிஷியல் வழக்கம் தெரியாது. என் அம்மாவுக்கு நானே கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். இத்தனை வருட அனுபவத்தோடு, ரேஷன் அட்டையில் இருப்பது போல இனிஷியலோடு பதிந்துவைத்தேன். தங்கை வீட்டுக்கு மூன்று முறை கோலாலம்பூர் போய் வந்தார். ஒரு மைல்கூட ஏறவில்லை. அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்று பதில் வந்தது. பாஸ்போர்ட் நகல் அனுப்பினேன். கோரிக்கைக்கான காலக்கெடு முடிந்துவிட்டது என்று அடுத்த பதில். பெயரை ஒரே ஒரு தடவை திருத்தித் தந்தார்கள், பழைய பயணங்கள் போனது போனதுதான். ஆகவே பாஸ்போர்ட்டைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு, அதில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே பதியுங்கள். உங்கள் கணவருடைய பழைய கணக்கு எதுவும் இருந்தால் இன்றைக்கே திறந்து அந்தப் பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

போர்டிங் பாஸையும் மைல் ஏறும் வரை கிழித்துப் போடாதீர்கள். போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் போதும். பத்து நாள் ஆகியும் ஏறவில்லை என்றால் அதை வைத்துக் கோரலாம். கிரிஸ்ஃபிளையரில் அதற்கு ஆறு மாத அவகாசம் உண்டு. மண்ணடி ஏஜென்டிடம் டிக்கெட் எடுத்தால் பாயிண்ட் வராது என்று ஒரு பேச்சு உலவுகிறது. பெரும்பாலான விமான டிக்கெட்டுகளுக்கு அது சரியில்லை. எடுக்கும்போதே எண்ணைச் சொன்னால் அவரே சேர்த்துவிடுவார். சொல்லாமல் விட்டாலும் செக்-இன் கவுண்டரில் சேர்க்கலாம்.

சேர்த்ததை எப்போது செலவழிப்பது? இங்கே பாயிண்ட்டை இரண்டு சாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ரூபாய்க்கு ஒட்டிய பாயிண்ட். டாடா குழுமத்தின் செயலியான டாடா நியூவில் பாயிண்ட்டுக்கு நியூகாயின் என்று பெயர், ஒன்று ஒரு ரூபாய். அக்கோர் ஓட்டல் குழுமத்தில் 2,000 பாயிண்ட் 40 யூரோ. இவற்றில் சாமர்த்தியம் காட்ட இடமே இல்லை. அடுத்து எதற்குப் பணம் கொடுக்கப்போகிறோமோ அதில் கழித்துவிட வேண்டியதுதான். வைத்திருந்தால் வட்டி வராது, காலாவதிதான் வரும்.

இரண்டாவது, மைல் வகை. இதன் மதிப்பு எந்த டிக்கெட்டை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். கணக்கு எளிது: ரொக்கமாக வாங்கினால் என்ன விலையோ, அதிலிருந்து மைல் டிக்கெட்டுக்கும் தனியாகக் கட்ட வேண்டிய வரிகளைக் கழியுங்கள், மீதியை மைலால் வகுங்கள். வரியைக் கழிக்க மறக்காதீர்கள். 'இலவச டிக்கெட்' என்று சொல்லப்படுவதற்கும் வரியும் விமான நிலையக் கட்டணமும் நம் கையிலிருந்துதான் போகும். ஓர் உதாரணத்துக்கு, டிக்கெட் 14,000 ரூபாய், மைல் டிக்கெட் என்றால் 20,000 மைலும் 4,500 ரூபாய் வரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மைல் நாற்பத்தேழரைப் பைசாவுக்குத்தான் போகிறது. அதே டிக்கெட் பொங்கலுக்கு முந்தின வாரம் 32,000 ரூபாய் என்று விற்கும்போது, மைல் விலை மாறாமல் இருக்கை கிடைத்தால், ஒரு மைலுக்கு ஒரு ரூபாய் முப்பத்தேழு பைசா. பொருள் ஒன்றுதான், மதிப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு.

எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோன ஒரு துணி வியாபாரி இதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே புரிந்துவைத்திருந்தார். மலிவான நாட்களில் எப்போதும் ரொக்கம்தான். சேர்ந்த மைலைத் தொடவே மாட்டார். "இது சாவுக்கும் கல்யாணத்துக்கும்" என்பார். பினாங்கில் அவருடைய அக்கா இறந்த செய்தி ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தது. அன்றிரவு விமானத்துக்கு ரொக்க விலை வழக்கத்தைப் போல மூன்று பங்கு. மைல் டிக்கெட்டில் ஓர் இருக்கை இருந்தது. வரியை மட்டும் கட்டிவிட்டுப் போனார். மறுநாள் மண் போட நேரத்துக்குச் சேர்ந்துவிட்டார். ஓர் இருக்கை இருந்தது என்பது அதிர்ஷ்டம். எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது. ஆனால் மைலை வைத்து நான் பார்த்த ஆகச் சிறந்த செலவு அதுதான். பிசினஸ் வகுப்பில் சாய்ந்து படுத்துக்கொண்டு படம் எடுத்துப் போடுகிறவர்களைவிட அவர் நினைவுதான் எனக்கு வருகிறது.

அதற்காகப் பத்து வருடம் பூட்டிவைக்கும் பொருளும் இல்லை இது. வண்ணாரப்பேட்டையில் சீட்டு நடத்துகிறவர் ஓடிவிட்டால் வீட்டு வாசலில் போய்க் கத்தவாவது முடியும். பாயிண்ட்டின் மதிப்பைக் கொடுத்தவனே நிர்ணயிக்கிறான், அவனே மாற்றுகிறான். 2012இல் கிங்ஃபிஷர் நின்றபோது அதன் கிங் கிளப் மைல்கள் வெறும் எண்களாகிவிட்டன. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசியாகப் பறந்தது. அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் வேறு பெயரில் தப்பியது, ஆனால் அதைக் கொடுத்து ஏறுவதற்கு ஜெட் விமானம் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தபோது பாயிண்ட்டுகள் அந்தப் பக்கம் மாற்றப்பட்டன. அந்தத் திட்டத்துக்கு இப்போது மகாராஜா கிளப் என்று பெயர். மூன்று நிறுவனங்கள், மூன்று விதமான முடிவு. உங்கள் கணவரின் மைல்களுக்கு நான் கொடுக்கும் கெடு இரண்டு வருடம். அதற்குள் அவசரம் எதுவும் வராவிட்டால் (வராமலே இருக்கட்டும்) அடுத்த டிக்கெட்டின் விலையில் கழித்துவிடச் சொல்லுங்கள்.

ஓட்டல் திட்டங்கள் உங்களுக்குப் பயன்படாது. மே மாதம் கணவரின் வீட்டில்தான் தங்கப்போகிறீர்கள். உங்கள் வீட்டில் வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர் யாராவது இருந்தால் மட்டும் இந்தப் பத்தியை அவருக்குக் காட்டுங்கள். என் மச்சான் எண்ணூர் பக்கம் ஒரு பளு தூக்கி இயந்திர நிறுவனத்தில் பழுதுபார்ப்பவர். மாதம் ஒரு வாரம் விசாகப்பட்டினம், இல்லாவிட்டால் குஜராத். ஓட்டல் செலவு கம்பெனியுடையது. பாயிண்ட் அறையில் தங்குகிறவருடையது. கம்பெனி ஆட்சேபிக்காது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மாரியட், ஹில்டன், ஐஎச்ஜி என்று எந்தக் குழுமத்தில் அடிக்கடி அறை போடுகிறார்களோ அதில் இலவசமாகச் சேர்ந்துகொண்டார். மூன்றாம் ஆளின் இணையதளம் வழியாக அறை பிடித்தால் பொதுவாகப் பாயிண்ட் கிடையாது என்பதை மட்டும் ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தார். மாரியட்டிலும் ஹில்டனிலும் 24 மாதம் அசைவில்லாமல் கிடந்தால் பாயிண்ட் போய்விடும்; ஐஎச்ஜியில் சாதாரண உறுப்பினருக்கு 12 மாதம்தான். மாரியட்டில் ஐந்து இரவைப் பாயிண்ட்டில் எடுத்தால் நான்குக்குத்தான் பாயிண்ட் கழியும். போன வருடம் மச்சான் குடும்பத்தோடு அப்படித் தங்கிவிட்டு வந்து, இரண்டு மாதம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

பெட்ரோல் பங்க் பாயிண்ட், சூப்பர் மார்க்கெட் பாயிண்ட் இரண்டும் அந்தந்த இடத்திலேயே தீர்க்க வேண்டியவை. பயணத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. மணலியில் சுத்திகரித்த பெட்ரோலை மணலிக்குப் பக்கத்திலேயே போட்டாலும் நமக்கு விலை குறைவதில்லை, பாயிண்ட்டாவது வாங்கிக்கொள்ளுங்கள். ரயிலுக்குப் பாயிண்ட் தரும் ஐஆர்சிடிசி அட்டைகள் எல்லாம் கடன் அட்டைகள். ஸ்டேட் வங்கியோடு சேர்ந்து வருவதற்கு ஆண்டுக் கட்டணமும் உண்டு. கேள்வியிலேயே அதை நீங்கள் மறுத்துவிட்டதால் அதற்குள் போகவில்லை. உங்கள் முடிவு சரி என்றுதான் நான் நினைக்கிறேன். கடன் அட்டை இருந்தால் நான் மேலே சொன்ன எண்கள் எல்லாம் பெரிதாகும் என்பது உண்மை. ஒரு மாதம் முழுத் தொகையைக் கட்டத் தவறினால் அந்த வட்டி, மூன்று வருட மைலைத் தின்றுவிடும் என்பதும் உண்மை.

இனி மே மாதம். முதலில் டிக்கெட் விலையை மட்டும் பாருங்கள், பெட்டி எடைக்குத் தனிப் பணம் உண்டா என்பதோடு சேர்த்து. நால்வருக்கு எது மலிவோ அதை எடுங்கள். தலைக்கு மூவாயிரம் ரூபாய் கூடக் கொடுத்து மைல் தரும் விமானத்தில் போவதில் அர்த்தமில்லை; அந்த மைல்களின் மதிப்பு அதில் பாதிகூட வராது. விலை ஏறக்குறைய ஒன்று என்றால், பெட்டியும் சாப்பாடும் டிக்கெட்டிலேயே அடங்கிய விமானத்தை எடுங்கள். கிரிஸ்ஃபிளையரில் இரண்டு வயது நிறைந்தவர்கள் சேரலாம். ஆகவே பிள்ளைகள் இருவருக்கும், மாமியாருக்கும், உங்களுக்கும் தனித்தனிக் கணக்கு, பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரில். போய் வர ஆளுக்கு 1,800 மைல் என்றால் நால்வருக்கு 7,200. அது நான்கு கணக்குகளில் தனித்தனியாகத்தான் விழும். ஆளுக்கொரு சின்னத் தொகையாக அடுத்த டிக்கெட்டில் கழியும், அவ்வளவுதான். அடுத்த டிக்கெட் எப்போது என்று தெரியாவிட்டால் மாமியாருக்குக் கணக்குத் தொடங்கும் சிரமம்கூட வேண்டாம். அவர் போனில் இன்னொரு கடவுச்சொல்லைச் சேர்த்துத் தொல்லை கொடுக்காதீர்கள்.

விமான நிலையத்துக்கு ஆட்டோ பேச வேண்டாம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையத்தில் இறங்கலாம். கட்டணம் 50 ரூபாய். போனில் க்யூஆர் டிக்கெட் எடுத்தால் 20 சதவீதத் தள்ளுபடி. நால்வருக்கு 200 என்பது 160 ஆகும். இரவு பதினோரு மணிக்கு மெட்ரோ நின்றுவிடும் என்பதால் திரும்பி வரும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாற்பது ரூபாயை மிச்சம் பிடிக்க உறுப்பினர் எண் கேட்கமாட்டார்கள், உங்கள் மாமியாரின் பெயரில் எத்தனை இனிஷியல் என்றும் கேட்கமாட்டார்கள்.